தலைப்பிடப்படாதது

மூன்றாம் குறுக்குத் தெருவில்
ரஸீன் ஹாஜியாரின் புடைவைக் கடைக்கு மேலே
ஏழு மாதம் ஒரு கலைக்கூடம் இருந்தது.
மினோலி நடத்தினாள்.
சுவர்ச்சீட்டுகளுக்குத் தமிழ் எழுதியது நான்,
சீட்டுக்கு நூற்றைம்பது ரூபாய்.
சிங்களம் மேலே, ஆங்கிலம் கீழே,
நடுவில் என்னுடையது
எப்போதும் ஒரு வரி கூட ஓடி
இடம் போதாமல்
எறும்பளவாகிவிடும்.

ஓவியர்கள் அநேகம் பேர் பெயர் வைப்பதில்லை.
'தலைப்பிடப்படாதது' என்று
முப்பத்தொரு தடவை எழுதியிருக்கிறேன்.
பெயரில்லாததற்கு இத்தனை நீளப் பெயர்
எங்களிடம்தான் உண்டு.

கடைசிக் கண்காட்சியில்
பன்னிரண்டு சாக்குகளை ஒன்றாகத் தைத்து
கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தான்
மொறட்டுவைப் பொடியன் ஒருவன்.
கீழே ஒரு மின்விசிறி.
சாக்கு மூச்சு விட்டது.
விலை நாலு லட்சம்.

மருதை குளிருக்கு வருகிறவன்.
நாட்டாமி. ஊர் பொகவந்தலாவை.
வேண்டாமென்றாலும் செருப்பை வாசலில் கழற்றுவான்,
படங்களுக்கு முதுகு காட்டி
ஏசிக்கு நேரே நிற்பான்.
அன்று திரும்பினான்.
கிட்டப் போய் மோந்தான்.
"பம்பாய் வெங்காயம்."
தையலை விரலால் தடவி,
"நாப்பது கிலோ. இந்த முடிச்சு
நாலாம் குறுக்குல ஒரே கடையிலதான் போடுவாங்க.
இத நான் தூக்கியிருக்கேன்."
பிறகு நெடுநேரம் அண்ணாந்து பார்த்து,
"இப்ப யாரு தூக்குறா?"

அதைச் சீட்டில் எழுதியிருக்கலாம்.
அச்சடித்து ஒட்டியாகிவிட்டது.

மின்வெட்டு. வாடகை. டொலர்.
மினோலி மெல்பேர்ன் போய்விட்டாள்.
எனக்குப் பதினேழு சீட்டுக்குக் காசு பாக்கி,
நான் கேட்கவுமில்லை.
பொடியனின் போன் அணைந்து கிடந்தது.
மூன்று நாளில் ஒழியச் சொன்னார் ஹாஜியார்.
மருதைதான் கழற்றினான்.
நாலு லட்சத்தை மடித்து முதுகில் போட்டு
படிக்கட்டின் வளைவில் நின்று இளைப்பாறினான்.
"வெறுஞ்சாக்குத்தானே?" என்றேன்.
"பழக்கம்" என்றான்.
தையல் பிரித்து விற்றதில்
சாக்குக்கு அறுபது ரூபாய் வந்தது.
எனக்கொரு பிளேன்டீ வாங்கித் தந்தான்.

இப்போது மேல்மாடியில் போன் கவர் விற்கிறார்கள்.
போன மாதம் ஏறிப் போனேன்.
ஆணி ஓட்டைகளை அடைத்து
புது வெள்ளை பூசியிருந்தார்கள்.
மின்மானிப் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும்
ஒரு சீட்டை உரிக்கச் சோம்பி
அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள்.
பெயின்ற் பொரிந்த இடத்தில்
ஒரு 'ப்ப' தெரிந்தது.
நகத்தை வைத்தேன்.

"அக்கா, என்ன மாடல்?" என்றான் கடைப் பையன்.

பழைய மாடல், தம்பி.
வந்திருக்காது.