நாலு கிலோ

இரவுப் பணி முடிந்து திரும்பும்போது
ட்ரெகேரன் சாலையில் ஒரு பால் வண்டி,
அதன் பின்னால் நான்.
சீருடையைக்கூட மாற்றாமல்
கொக்கித் தராசில் வலையை மாட்டுகிறேன்.
காய்ந்த புல், நாலு கிலோ.
முள் கொஞ்சம் தாண்டினாலும்
ஒரு பிடியை உருவிச் சாக்கில் போடுகிறேன்,
கறாரான கடைக்காரி மாதிரி.

தொட்டியில் அமுக்கி ஒரு மணி நேரம்.
அதற்குள் சாணம் அள்ளி முடித்துவிடலாம்.
தேநீர் நிறத்தில் வடிகிறது தண்ணீர்.
அவ்வளவும் சர்க்கரை.

அவள் பெயரே ஷுகுர்.
வெல்ஷ் மொழியில் சர்க்கரை என்று பொருள்.
முன்பு வளர்த்த வீட்டில் குழந்தைகள் வைத்தது.
மாற்ற மனம் வரவில்லை.

போன மே மாதம்
முன்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து,
சுடுமணலில் மாட்டிக்கொண்டவள் போல நின்றாள்.
மேடெல்லாம் மினுங்கிய புல்லை
மேய்ந்ததைத் தவிர
ஒரு தவறும் செய்யவில்லை.
மருத்துவர் பெட்ரிஸ் குளம்பைத் தட்டிப் பார்த்தார்.
பிறகு வெகுநேரம்
மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்கு மண் முற்றம்.
ஒரு மூலையில் தண்ணீர், எதிர் மூலையில் தீனி,
நடக்கட்டும் என்று.
வலைக்குள் இன்னொரு வலை.
உதட்டால் ஒவ்வொரு தாளாக
இழுத்துத் தின்ன வேண்டும்.
நாலு கிலோவை ஒரு பகலாக நீட்ட
வேறு வழி தெரியவில்லை எனக்கு.

செவ்வாய்க்கிழமை கார்க் கண்ணாடியில் ஒரு தாள்:
'சுற்றிலும் இவ்வளவு பச்சை.
உங்கள் குதிரை மட்டும் பட்டினி.
வெட்கமாக இல்லையா?'
கையெழுத்து அழகாக இருந்தது.
'பட்டினி'யில் மட்டும் பேனா அழுந்தியிருந்தது.

கோபத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினேன்.
மழை அதைக் கரைத்தது.
கோபமில்லாமல் இன்னொன்று எழுதினேன்.
அப்படியும் வேலியோரம்
கடித்த ஆப்பிளின் நடுத்தண்டு கிடக்கிறது சில காலைகளில்.

யாரென்று தெரியாது.
அந்தப் பக்கம் காலடி கேட்டாலே கனைக்கிறாள்.
நான் வந்தால் காதை மடக்குகிறாள்.

ஆறாம் படுக்கைக்காரர் நேற்று
விடிய விடியத் தண்ணீர் கேட்டார்.
அறுவைக்கு முன் தரக்கூடாது.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்.
அதைச் சப்பிக்கொண்டே
என்னை அவர் பார்த்த பார்வை
எனக்குப் பழக்கமானதுதான்.
எட்டு மணிக்கு முற்றத்தில் தினமும் கிடைக்கிறது.

வலையைக் கட்டிவிட்டுக் குனிகிறேன்.
கணுக்காலுக்குப் பின்னே, நரம்போரம்,
இரண்டு விரல்.
அபரிஸ்ட்வித்தில் இரவெல்லாம்
மணிக்கட்டுகளில் நாடியைத் தேடி
கிடைத்ததும் மூச்சு விடுகிறவள்,
இங்கே அது கிடைக்காதபோது மூச்சு விடுகிறேன்.
சூடில்லை. துடிப்பு இருக்கிறதா என்றே சந்தேகம்.
ரோமம், ஈரம், கொஞ்சம் சேறு.

இன்னும் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கலாம்.
அவள் காலை இழுத்துக்கொண்டு
வேலிப் பக்கம் போய்விட்டாள்.