எடைச்சீட்டு

சந்தூர் சாலை எடைமேடையில்
எனக்கு இரவு ஷிப்ட்.
ஆனி மாதம்.
கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா லோடுகள்
கூட்டுரோடு வரைக்கும் வால் நீட்டி நிற்கின்றன.
மொத்தம் அடி, காலி அடி, கழி, சீட்டைக் கிழி.
இதற்கு நான்கு வருடம் படித்தவள் என்றால்
ஓட்டுநர்கள் யாரும் நம்புவதில்லை.
திம்மராயன் அண்ணன் மட்டும்
வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்,
"நம்ம மேடையில இன்ஜினியர் போட்டிருக்கோம்" என்று,
புது ஏசி போட்டதைச் சொல்வதுபோல.

சம்பளம் பதினொன்றரை.
வங்கியில் வாங்கியது மூன்று இருபது.
நான் படிக்கும்போது தூங்குகிறதென்று நினைத்த வட்டி
ஒரு நாளும் தூங்கவில்லை,
இப்போது நான்கு பன்னிரண்டு.
என்னோடு பன்னிரண்டு முடித்து
கல்லூரிப் பக்கமே போகாத கலைமதி
ஓசூரில் போன் கம்பெனியில் பதினேழு வாங்குகிறாள்.
பஸ்ஸும் சாப்பாடும் அவர்கள் செலவு.
போன வாரம் பேசியபோது
நின்று நின்று முதுகு வலிக்கிறது என்றாள்.
உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

நேற்று ஒரு மணிக்கு மாதேஷின் டிராக்டர்.
தார்ப்பாய்மேல் உட்கார்ந்து
மகள் யுவஸ்ரீயும் வந்திருந்தாள்.
ஜன்னலில் முழங்கை ஊன்றி அவர் கேட்டார்:
"பாப்பாவுக்குக் கவுன்சிலிங் வருதுங்க.
இன்ஸ்ட்ருமென்டேஷன் போடலாமா?
நீங்க படிச்சது அதுதானாமே."

பில் ரோலின் பின்பக்கம் எழுதினேன்.
ஃபீஸ், பஸ், தேர்வுக் கட்டணம் சேர்த்து
வருடம் எழுபத்தையாயிரம்.
இன்றைய ஆலை விலை கிலோ ஐந்து.
வருடத்துக்குப் பதினைந்து டன்.
நாலு வருடம், அறுபது.
உங்கள் டிராக்டருக்குப் பதினைந்து நடை.

"இல்லக்கா," கீழே இருந்து குரல் வந்தது.
"பறிகூலி, டீசல், மருந்தெல்லாம் போனா
கிலோவுக்கு மூணுதான் நிக்கும்.
நூறு டன்."

மொத்தத்தைப் போட்டுவிட்டு
காலி வண்டியைக் கழிக்க மறந்திருந்தேன்.
எட்டு மாதமாக அந்த ஒன்றுதான் என் வேலை.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
வந்தது வேறு கதை.
போன மழையில் ஒரு காலை
காலி மேடை நூற்றிருபது கிலோ காட்டியது.
சேலத்திலிருந்து சர்வீஸ்காரர் வர
எட்டாயிரம் ஆகும், இரண்டு நாள் ஆகும்.
நான் குழிக்குள் இறங்கி
லோடு செல் ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே ஈரம். ஒரு தவளையும்.
சலூன்காரரிடம் ஹேர்டிரையர் இரவல் வாங்கி
ஒவ்வொரு முனையாக உலர்த்தினேன்.
நூற்றிருபது, எழுபது, முப்பது,
சுழியம்.
அண்ணன் இருநூறு ரூபாயும் ஒரு டீயும் கொடுத்தார்.
இருநூறை வரவில் எழுதலாம்.
அந்தச் சுழியத்தை எந்த வரியில் எழுத?

"தவளையா!" என்றார் மாதேஷ்.
"பெட்டிக்குள்ள எத்தனை ஒயருக்கா?" என்றாள் யுவஸ்ரீ.

டிராக்டர் நகர்ந்ததும்
செருப்போடு மேடையில் ஏறி நின்றாள்.
சிவப்பு எழுத்தில் நாற்பது.
"நான் நாப்பத்திமூணு."
"இது பத்துப் பத்தாத்தான் எண்ணும் பாப்பா.
நடுவுல இருக்கறது இதுக்குத் தெரியாது."
"தெரியாட்டி? மூணு கிலோ இல்லாம போயிருமா?"

பின்னால் ஐஷர் ஒன்று ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
எடைக்கூலி அறுபது.
மாதேஷ் நீட்டியது ஐந்நூறு, என்னிடம் சில்லறை இல்லை.
"காலி எடை போட வருவேன்ல, அப்பத் தரேன்" என்று
வண்டியைக் கிளப்பினார்.
பில் ரோலில் நான் எழுதிய துண்டைத் தேடினேன்.
அதை அவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.