வளைவுக்கு அப்பால்

ஜூன் கடைசி. காவேரிப்பட்டணத்துக்கு வெளியே
பெங்களூரா மாம்பழ லாரிகள்
பங்க் தாண்டி வரிசையில் நிற்கின்றன.
உள்ளே, கூழ் ஓடும் குழாயில்
தொண்ணூற்றாறில் நிற்கவேண்டிய சூடு
நூறு. தொண்ணூற்றிரண்டு.
தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்று மூன்று.
அடங்கப் பத்து நிமிடம் ஆகிறது.
அதற்குள் அடுத்த லாரியின் பழம்,
மறுபடி முதலிலிருந்து.

‘வால்வு போச்சு மேடம்’ என்றார் முனிரத்தினம்.
போன வாரம்தான் புதிது மாட்டினோம்.
வால்வு சொன்னதைச் செய்கிறது.
அதற்குப் போய்ச் சேரும் செய்திதான் பழசு.

டார்ச் அடித்தபடி குழாயோடு நடந்தேன்.
வெப்பமானி இருந்த இடத்தில்
ஒரு மூடி, பளபளக்கும் வெல்டிங்.
அது இப்போது வளைவுக்கு அப்பால்,
ஐந்து மீட்டர் தள்ளி.
ஏணி போட வசதியாம்.
கூழ் நொடிக்கு ஒரு மீட்டர் போகும்.

ஐந்து விநாடி.
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
அதைத் தாமதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
ஆனால் இந்த ஆட்டம் நாற்பது விநாடிக்கு ஒரு சுற்று.
எட்டில் ஒரு பங்கு. நாற்பத்தைந்து பாகை.
கையிருப்பில் இருந்ததே ஐம்பது.

பாடத்தில் கட்ட விளிம்பு என்பார்கள்:
திருத்தம் எதிரியாய்த் திரும்ப
இன்னும் எத்தனை பாகை என்ற கணக்கு.
ஊஞ்சலை நிறுத்தப் போகும் கை
அரைச் சுற்று பிந்தினால்
தள்ளிவிடும் கை.
கெட்ட எண்ணம் தேவையில்லை அதற்கு,
பலம் குறையாமல் இருந்தால் போதும்.

‘அஞ்சு மிச்சம் இருக்கே, போதாதா?’
விழாது, நடுங்கிக்கொண்டே நிற்கும் என்றேன்.
சிரித்தார். தொப்பூர் இறக்கத்தில்
பதினோரு வருஷம் லாரி ஓட்டியவர்.

சீசனில் குழாயை வெட்ட முடியாது.
கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினேன்.
சுற்று தொண்ணூறு விநாடியாய் நீண்டது.
அதே ஐந்து விநாடிக்கு
இப்போது இருபது பாகைதான் விலை.
மந்தம்தான், ஒப்புக்கொள்கிறேன்.
பழம் மாறினால் சூடு ஒருமுறை சரிகிறது,
யோசிக்கிறது, ஏறி வருகிறது.
நிற்கிறது.

மூன்றரை மணி. போனில் ரெஹான்:
‘தஸ்லி, கோபம் போச்சா?’
பத்தரைக்கு அனுப்பியிருக்கிறான்.
பத்தரை மணியின் பதில் ஒன்று
முழுப் பலத்தோடு இன்னும் என் விரலில்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
சீசன் முடிந்ததும்
வெப்பமானியை வளைவுக்கு இப்பால் கொண்டுவரவும்.