இடது கெண்டைக்காலில் வடு

தாது வருஷம் மார்கழியில்
ஒரு புதன்கிழமை, விடிவதற்குள் செத்துப்போனார்.
அழக்கூடாது என்றார் கொழுந்தனார்.
கொம்பு இல்லை, தப்பட்டை இல்லை,
பங்காளிகளுக்குச் சொல்லவில்லை.
கொறங்காட்டு மூலையில் வெள்வேலமரத்தடியில்
ஈரமே இல்லாத மண்ணைக்
கடப்பாரையால் பெயர்த்துப் பெயர்த்து
நாங்கள் இரண்டு பேர்தான் குழி எடுத்தோம்.
மேலே கிளுவை முள்ளை இழுத்துப் போட்டோம்,
நரிக்குப் பயந்தும் நாக்குக்குப் பயந்தும்.

கிணற்றில் அப்போது வெறும் பாறை.
கவலை நின்று எட்டு மாசம்.
பறித் தோலை ஊறவைத்து வேகவைத்துத் தின்றதை
எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை.
வீட்டில் ஆறு வாய்,
தொழுவில் மயிலைக்காளை ஒன்று,
அதுவும் வாலைப் பிடித்துத் தூக்கினால்தான் எழும்.
பங்குனியில் தாராபுரம் கச்சேரியில்
இருபத்திநாலு ரூபாய் பென்ஷன் வரவேண்டும்.
வாங்குகிறவர் உயிரோடு வந்து நிற்கவேண்டும்.

கிஸ்தி பாக்கிக்கு எருதை ஓட்டிப் போன வருஷம்
கும்பினி ஆளெடுப்பில் போய் நின்றவர் அவர்.
கப்பல், ரங்கூன், காலில் ஒரு குண்டு.
திரும்பி வந்த பிறகுதான் என்னைக் கட்டினார்.
சண்டையைப் பற்றி இருபத்திரண்டு வருஷத்தில்
சொன்னது ஒரே பேச்சு:
"அங்கே மழை நிக்கவே இல்லை."
அதையும் மடை திருப்பும்போது,
தண்ணியிடம் சொல்வதுபோல.
கவலை ஓட்டுகையில் மட்டும் காளைகளைப்
புரியாத பாஷையில் அதட்டுவார்.
காளைகளுக்குப் புரிந்தது.

சீட்டில் எழுதியிருந்தது:
ஐந்தடி ஐந்தங்குலம். மாநிறம்.
இடது கெண்டைக்காலில் வடு.
உயரத்துக்குக் குறைவில்லை, ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
நிறத்தை வெயில் பார்த்துக்கொண்டது.
வடுவுக்குக் கொழுவை அடுப்பில் சொருகினோம்.
கொழுந்தனார் பெண்டாட்டி வெளியே போய்விட்டாள்.
நான்தான் வைத்தேன்.
எந்த இடம், எத்தனை அகலம் என்பது
எனக்குத்தானே தெரியும்.

குமாஸ்தா துருவினாராம்:
எந்தப் பட்டாளம், எந்த ஊர்ச் சண்டை?
கொழுந்தனாருக்கு ஒன்றும் தெரியாது.
"அங்கே மழை நிக்கவே இல்லீங்க" என்றாராம்.
வரிசையில் பின்னால் நின்ற
ஒற்றைக்கைக் கிழவர் ஒருவர்
முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.
"வாஸ்தவம். நிக்கலை.
இவன் சென்னியப்பன்தான், எழுதுங்க."
வெளியே புளியமரத்தடியில் வந்து
காதோரம் கேட்டாராம்:
"எப்போ செத்தான்?"

நான் தாலியோடு இருந்தேன்.
அவர் வட்டலில் கூழ் ஊற்றுவேன்,
அப்புறம் எடுத்துப் பிள்ளைகளுக்குப் பிரிப்பேன்.
சிப்பாய் எங்கே என்றால்
காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறார்.
கஞ்சித்தொட்டிக்குப் போன சனங்களில் பாதி
திரும்பாத காலம்;
ஒருத்தர் கட்டிலை எட்டிப்பார்க்க
யாருக்குத் தெம்பு?
ராத்திரி முள்வேலி வரைக்கும் போவேன்.
போய் நிற்பேன். வந்துவிடுவேன்.

அப்படி மூன்று தவணை.

வெகுதானிய வருஷம் மழை பிடித்தது.
இனி போதும் என்று கொழுந்தனார்
கச்சேரியில் அண்ணனைச் சாகக்கொடுத்தார்.
ஊருக்குப் பேதி என்றோம்;
ராத்திரியே மண் தள்ளியாயிற்று என்றோம்.
பேதி என்றால் முகம் பார்க்க எவரும் வரமாட்டார்.
பெண்டுகள் கூடி
ஈரம் காய்வதற்குள் விதைக்கவேண்டிய அவசரத்தில்
பாதி ஒப்பாரியில் எழுந்து போனார்கள்.
கோபமில்லை. நானும் காட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
தாலியைக் கழற்றினார்கள்.
எனக்கு அழுகை வரவில்லை;
அது எந்த மாசத்திலோ தீர்ந்துபோயிருந்தது.

கம்பு விதைத்த மூன்றாம் நாள்.
வெள்ளைச்சீலையில் சேறு.
தூறலுக்குள்ளே, தூரத்தில்,
இடது காலை இழுத்து இழுத்து ஒரு ஆள் வருகிறார்.
கையிலிருந்த விதையைக் கீழே போட்டுவிட்டு
எழுந்து நின்றேன், சோறு வைக்க.

கொழு ஆழமாக இறங்கியிருக்கிறது.
என் கை.

குனிந்து,
சிந்திய கம்பைப் பொறுக்கினேன்.
மழை இன்னும் விடவில்லை.