ஒரு மாரி

நாற்பத்திரண்டு எழுத்துக்குள்
அடங்க வேண்டும் சப்டைட்டில் வரி.
அதுதான் ஒப்பந்தம்.
நிமிடத்துக்கு இவ்வளவு ரூபாய், ஜிஎஸ்டி தனி.

திரையில் ஒரு வெள்ளைக்காரி
யாருமில்லாத வீட்டின் மாடிப்படியில் நின்று
ஒரே ஒரு சொல் சொல்கிறாள்.
‘ஈரி.’
பிறகு பதினோரு விநாடி வாய் திறப்பதில்லை.
எனக்கு மூன்று இரவு போய்விட்டது
அந்தப் பதினோரு விநாடியில்.

அமானுஷ்யம் என்று அடித்தேன்.
எலுமிச்சம்பழமும் கையுமாக வந்து நின்றது.
திகில் வரும்போதே கத்திக்கொண்டு வருகிறது,
இவள் கத்தவில்லையே.
விசித்திரம் என்றால்
கண்ணாடிப் பெட்டிக்குள் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி,
டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு
சுண்டல் தின்னப் போய்விடலாம்.
அணங்கு என்று போட ஆசைதான்.
அடிக்குறிப்புக்கு இடமில்லை.

‘அமைதின்னு போட்டுட்டுப் போயேன்,
யாரு படிக்கப் போறா’ என்றான் பெலிக்ஸ், போனில்.

அமைதி இல்லை அது, பெலிக்ஸ்.
கரண்ட் போய் வந்ததும்
ஆளில்லாத லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றுகொண்டு
கதவை மூடுங்கள் கதவை மூடுங்கள் என்று
யாரையோ கெஞ்சுமே, அது.
பக்கத்து ஃப்ளாட் மிராண்டா சார் போய் ஏழு மாதம்.
வைஃபை பட்டியலில் இன்னும் அவர் பெயர்,
சிக்னல் முழுசாக,
பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு.
ஃப்ளாட்டுக்கு மின் இணைப்பே இல்லை என்கிறார்கள்.
அது.

விரல் வலித்து, போனிடம் வாயால் சொன்னேன்:
ஈரி.
அது எழுதிக் காட்டியது:
ஏரி.

நான் உட்கார்ந்திருப்பது வேளச்சேரி, இரண்டாவது மாடி.
பத்திரத்தில் மனை என்றுதான் இருக்கிறது.
வாங்கும்போது புரோக்கர்
செருப்புக் காலால் தட்டிக் காட்டினார்,
பாருங்க, கெட்டித் தரை.
பார்க்கிங் தூணில் என் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.
மூன்று முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது.
ஐப்பசி பிறந்தால் மெல்ல மேலே வந்துவிடும்.
மழை பெய்யாத இரவிலும்
இன்னோவாவுக்கு அடியில் ஒரு தவளை,
தன் வீட்டு முற்றத்தில் இருப்பதுபோல.

போனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன்.
அப்புறம் அப்படி நினைக்க முடியவில்லை.

காலையில் சம்ப் கழுவ வந்தார் எதிராஜ்.
மோட்டார் போட்டு இறைத்து
ஏணியில் இறங்கியவர்
இரண்டே நிமிடத்தில் தலையை வெளியே நீட்டினார்.
‘என்னாச்சு, பாம்பா?’
‘அதெல்லாம் இல்லம்மா.
தண்ணி சுத்தமா எறச்சாச்சு, காஞ்சிதான் கெடக்கு.
ஆனா நின்னா
காலாண்ட, கீழ, இன்னும் கீழ…’
பீடியை எடுத்தார். பற்ற வைக்கவில்லை.
‘ஒரு மாரி கீதும்மா.’

என்ன மாதிரி என்று சொல்லாத மாதிரி.
எதைப் போல என்று தேடிப் போனவர்
பாதி வழியில் திரும்பி வந்து
கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி.

மாரி என்றால் மழை என்பது
படி ஏறும்போதுதான் உறைத்தது.
கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது.

அடித்து அனுப்பிவிட்டேன்: ஒரு மாரி கீது.
இடைவெளியோடு எட்டு எழுத்து.
மீதி முப்பத்து நான்கையும்
அவள் பேசாத விநாடிகளுக்கு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது.
வெள்ளைக்காரி மெட்ராஸ் பாஷை பேசுவாளா? மாற்றவும்.
மாற்றினேன்.
ஒரு மாதிரியாக இருக்கிறது.
பிழையில்லை. பணமும் வந்துவிடும்.
தண்ணீர்தான் வற்றிவிட்டது அதில்.

மணி இரண்டரை.
கீழே லிஃப்ட் கதவை மூடச் சொல்கிறது.
இன்று கரண்ட் போகவே இல்லை.
யாராவது போய் மூடினால் நிறுத்திவிடும்.
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்,
கொஞ்ச நேரமாக,
காலில் போட்டுக்கொண்டே.