மூன்றாம் நாள், குமிழி இல்லை

வெருலத்தில் ஜூலை இரவு.
கராஜில், ஓடாத பக்கியின் பக்கத்தில்
இருபத்தைந்து லிட்டர் வாளி
என் மகன் விட்டுப்போன பள்ளிக்கூட ஸ்வெட்டரைப்
போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மூடியில் குத்தி நிற்கிறது காற்றுப்பூட்டு:
விரல் நீளப் பிளாஸ்டிக், உள்ளே இரண்டு மடக்குத் தண்ணீர்.
அது குமிழி விட வேண்டும்.
நிமிடத்துக்கு ஒன்றாவது, பொளக் என்று.
பெட்டியோடு வந்த தாள் அப்படித்தான் சொல்கிறது.

ஈஸ்ட் தூவியது திங்கட்கிழமை.
செவ்வாய், பொறுத்திருந்தேன்.
புதன், மூடியில் காதை வைத்தேன்.
இன்று வியாழன், மண்டியிட்டு டார்ச் அடிக்கிறேன்:
தண்ணீர் அசையவில்லை.
விளிம்பில் ஓர் எறும்பு,
இறங்கலாமா வேண்டாமா என்று.

"செத்துப்போச்சா?"
கதவருகே கஸ்தூரி.
ஆடி பிறந்த வீட்டில் பீர் ஊறுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.
நாளைக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும்.
நேற்று அவள் கரைத்து வைத்த மக்காச்சோள மாவு
கேட்பாரில்லாமல் பொங்கி
சமையலறையில் தட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.
அதற்கு யாரும் ஸ்வெட்டர் போடவில்லை.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது. நம் தெருவின் முறை.
எதிர்வீட்டு ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது.
பதினான்கு டிகிரி.
குளிரில் விறைத்திருக்குமோ.
ஆறுமுன் தூவி வேகவைத்துவிட்டேனோ.
வாளி கழுவிய பிளீச் ஒரு சொட்டு மிஞ்சியிருந்ததோ.

நொன்ஹ்லான்ஹ்லாவுக்குப் போன் போட்டேன்.
சர்க்கரை மில் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை;
ஒரே நாளில், ஒரே மாதிரிக் கடிதம் வாங்கினோம்.
அவள் வீட்டில் விசேஷம் என்றால் சோள பீர் காய்ச்சுவார்கள்.
"திறந்து பாரேன்" என்றாள்.
திறந்தால் கெட்டுப்போகும் என்று தாளில் போட்டிருக்கிறதே.
"நாங்கள் பூட்டுவதே இல்லை" என்று சிரித்தாள்.

திறந்தேன்.

மூக்கில் சுள்ளென்று ஏறியது.
பிறகு ரொட்டி. பிறகு கனிந்த வாழைப்பழம்.
மேலே அழுக்கு வெள்ளையில் மெல்லிய நுரை.
அதற்கு மேலே, வாளியின் உட்சுவரில்
நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த பழுப்புக் கறை:
ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த அடையாளம்.
எப்போது வந்தது? நான் காதை வைத்தபோதா?
மூடியின் ரப்பர் வளையம்
ஓரிடத்தில் மடிந்து கிடந்தது.
அது வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது
மூன்று நாளும்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது முன்வாசலை.

மில்லிலிருந்து நான் எடுத்து வந்தது ஒன்றே ஒன்று.
கேட்டு எடுக்கவில்லை.
மிதவைமானி, கண்ணாடி, பழைய செய்தித்தாளில் சுற்றியது.
உயரக் குழாயில் பீரை ஊற்றி அதை இறக்கினேன்.
திங்களன்று பன்னிரண்டு பிரிக்ஸ்.
ஆடி ஆடி இப்போது நின்றது
ஆறரையில்.
சரியாக நிற்கிறதா என்று சுண்டிவிட்டேன்.
ஆறரை.

இருபத்திரண்டு வருஷம்
சாற்றில் சர்க்கரை அரைப் புள்ளி குறைந்தால்
எனக்கு வயிற்றைக் கலக்கும், மேனேஜர் கத்துவார்.
இன்று ஐந்தரைப் புள்ளி காணவில்லை.
இருட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
பல் தெரிய.

குழாயில் இருந்ததைக் குடித்துப் பார்த்தேன்.
கசப்பு, வெதுவெதுப்பு, கொஞ்சம் சோப்பு.
நன்றாக இல்லை.
"எப்படி?" என்றாள்.
"ஞாயிறு போய் ஞாயிறு கேள்."

வளையத்தை நேராக்கி மூடியை அழுத்தினேன்.
எறும்பை ஊதிவிட்டேன்.
கஸ்தூரி குனிந்து
ஸ்வெட்டருக்கு அடியில் கையை விட்டாள்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
கையை எடுக்கவில்லை.

"இதைக் கழற்று" என்றாள்.
"அதற்கு வேர்க்கிறது."