செத்தார்களாம்

ஜனாதிபதிக்கு முன்னால் ஒரு ஒலிவாங்கி,
எனக்கு முன்னால் அதைவிடக் குட்டையாய் ஒன்று.
அவர் ஸ்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பேசித்
தண்ணீர் குடிப்பார்.
அந்த மிடறு இறங்குவதற்குள்
நான் அதைக் கெச்சுவாவில் சொல்லி முடிக்க வேண்டும்.
எடில்பெர்தா சுல்கா, மொழிபெயர்ப்பாளர், நாள்கூலி,
மதியச் சாப்பாடு உண்டு.

பதினாறு வருடத்தில் நான்கு ஜனாதிபதிகள்.
முதலாமவர் ‘மோதல்’ என்றார்.
மோதுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது,
மூன்று கவண்கள், ஒரு பள்ளிக்கூட மணி.
அடுத்தவர் ‘அத்துமீறல்’ என்றார்,
ஏதோ ஓர் அளவுவரை அனுமதி இருந்ததைப் போல.
மூன்றாமவர் அழுதார்.
அழுதபடியே ‘இரு தரப்பும்’ என்றார்.
அந்த உரையைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க வைத்தார்கள்;
என் மகன் ஒரு கால்பந்து ஜெயித்து வந்தான்.
சந்தையில் கழுதை ஒருவனை உதைத்த கதையைச் சொல்லும்போதுகூட
‘இரு தரப்பும்’ என்று பேச ஆரம்பித்தார்கள்.

இன்று வந்திருப்பவர் இளையவர், நல்ல குரல்.
‘இங்கே சில உயிர்கள் இழக்கப்பட்டன’ என்கிறார்.
தண்ணீர் குடிக்கிறார்.

அவர் மொழியில் அந்த வாக்கியம் தானாக நிற்கும்.
எங்கள் மொழியில் நிற்காது.
சொல்லின் கடைசியில் ஒரு சின்ன ஒட்டு வேண்டும்:
‘மி’ என்றால் எனக்கே தெரியும், அங்கே இருந்தேன்.
‘சி’ என்றால் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன்.
செத்தார்கள்.
செத்தார்களாம்.
இரண்டுக்கும் நடுவில் ஓர் ஊரே கிடக்கிறது.

பேசுவது அவர் வாய். அன்று அவர் பிறக்கவே இல்லை.
ஆகவே இலக்கணப்படி ‘ஆம்’தான்.
பதினாறு வருடமும் அப்படித்தான் போட்டேன்,
சுத்தமாக, பிழையில்லாமல்:
வந்தார்களாம். வரிசையில் நிறுத்தினார்களாம்.
தேவாலயக் கதவை வெளியிலிருந்து பூட்டினார்களாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது.
ஆட்டுத்தோல் குவியலுக்கு அடியில் கிடந்தேன்.
கண்டது எதுவும் இல்லை. கேட்டது உண்டு:
உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து
ஒவ்வொன்றாய்ப் படியில் உருண்டது.
யாரோ ஒருவன் எண்ணினான். பதினொன்றில் நிறுத்தினான்.
காதால் கேட்டதற்கு எந்த ஒட்டு என்று
தலைநகரில் பயிற்சி கொடுத்த பேராசிரியரிடம் கேட்டேன்.
‘அதுவும் நேரடி அறிவுதான், மி போடலாம்’ என்று
அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

போன மாதம் ஹுஸ்தா பலோமினோவைச் சந்தையில் பார்த்தேன்.
புருஷனைப் போர்வையில் அள்ளி முடிந்தவள்.
முடிச்சிட்ட அதே விரல்கள் சோளம் உரித்துக்கொண்டிருந்தன.
நிவாரண மனு எழுத வந்த பையனிடம்
நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:
‘அவரைக் கொன்றார்களாம்.’

ஆம்.
அவள் வாயில் என் ஒட்டு.
ஜனாதிபதிகள் பேசியது அவளுக்கு என்றுமே புரிந்ததில்லை.
புரிந்ததெல்லாம் நான் பேசியது.

‘இங்கே’ என்று தொடங்குகிறேன்.
‘இங்கே சிலர்’
வினையின் அடிவரை வந்துவிட்டேன்.
ஒட்டு வரவில்லை.
இல்லாத படியில் வைத்த கால் போல
சதுக்கம் முழுவதும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது.
ஜனாதிபதி டம்ளரை வைக்கிறார்.
அவருடைய உதவியாளன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறான்.

மூன்றாவது வரிசையில், வெயிலுக்குத் தொப்பியைத் தாழ்த்தி,
ஹுஸ்தா.
அவள் உதடு அசைகிறது.
எந்த ஒட்டு என்று இங்கிருந்து தெரியவில்லை.

பிறகு கைதட்டல். அடுத்த வாக்கியம் சாலையைப் பற்றியது.
எழுபது கிலோமீட்டர், தார்ச்சாலை, வரும் டிசம்பருக்குள்.
வருமாம் என்றேன்.
சதுக்கம் சிரித்தது.
அவரும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.